கட்டுரையின் தலைப்பில் பெண்களின் பெயர்

மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரை ஒவ்வொன்றின் தலைப்புக்குக் கீழும் பல பெயர்கள் வரிசையாக அச்சிடப்படுகின்றன. இது பெரும்பாலும் அகரவரிசையன்று. வேலையின் பெரும்பகுதியைச் செய்து கட்டுரையை எழுதியவர் முதலிலும், ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய மூத்தவர் இறுதியிலும் இடம் பெறுவது வழக்கம். பதவி உயர்வை முடிவு செய்வோர் இவ்விரு இடங்களையே முக்கியமாக நோக்குகின்றனர். ஆதலின் அவ்விடங்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது வெறும் கணக்கன்று.

ரேஷ்மா ஜக்ஸி என்னும் அமெரிக்க டாக்டரும் அவருடைய துணைவர்களும் இக்கணக்கை எடுத்து 2006-இல் வெளியிட்டனர். பெயரின் முதலெழுத்தை மட்டும் பார்த்து இதனைச் செய்ய இயலாது. பொறுமை வேண்டிய வேலை. ஆறு சிறந்த பத்திரிகைகளில் அந்நாட்டு டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளை அவர்கள் ஆராய்ந்தனர். முதலிடத்தில் பெண்களின் பங்கு 1970-இல் 5.9 சதவீதம், 2004-இல் 29.3 சதவீதம். இறுதியிடத்திலோ அது 3.7-இலிருந்து 19.3 சதவீதமாகவே உயர்ந்திருந்தது. மகப்பேற்று மருத்துவப் பத்திரிகையில் 2004-ஆம் ஆண்டு முதலாசிரியர்களில் 40.7 சதவீதத்தினர் பெண்கள். இரண சிகிச்சைப் பத்திரிகையில் 16.7 சதவீதமே.

கல்லூரிகளில் பெண்கள் பெருகினால் கட்டுரைகளிலும் தாமே பெருகுவர் என்பாருண்டு. மாணவியாகச் சேர்ந்தவர் ஆராய்ச்சித் தலைவியாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பது மெய்யே. ஆனால் முதலிடம் பெரும்பாலும் இளையோர்க்குரியது. 2016-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளியான மற்றோர் ஆய்வு, ஆறு புகழ்பெற்ற பத்திரிகைகளில் முதலிடம் பெற்ற பெண்கள் 1994-இல் 27 சதவீதமாயிருந்து 2014-இல் 37 சதவீதமாயினர் என்று காட்டிற்று. எனினும் பிற்பகுதியில் இந்த ஏற்றம் தேங்கிவிட்டது. சில பத்திரிகைகளில் இறங்கவும் செய்தது. ஆகவே காலத்தின்மீது மட்டும் பொறுப்பைச் சுமத்துவதற்கில்லை.

களப்பணியாளர்க்கு இதில் நேரான தொடர்புண்டு. நம் நாட்டில் வீடுதோறும் சென்று சுகாதார விவரம் திரட்டுவோரில் பெண்களே மிகுதி. சர்வதேச மருத்துவப் பத்திரிகை ஆசிரியர் குழுவின் விதிப்படி, விவரம் திரட்டியதனால் மட்டும் ஒருவர் கட்டுரையாசிரியராகிவிட மாட்டார். எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்குகொண்டு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதலும் பொறுப்பும் ஏற்கவேண்டும். ஆனால் அதே விதி, ஆராய்ச்சியில் கணிசமாக உழைத்தவர்க்கு அவ்வாறு பங்குகொள்ளும் வாய்ப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் கூறுகிறது. நிதி பெற்றுத் தந்ததோ, பொதுவாக மேற்பார்வை செய்ததோ மட்டும் தகுதியாகாது. யார் யார் ஆசிரியர் என்பதை வேலையைத் திட்டமிடும்போதே வகுத்துக்கொள்வது நலமென்பது அக்குழுவின் யோசனை.