ஸ்கைரிம்: எல்லோரும் கடைசியில் ஏன் வில்லைத் தூக்குகிறார்கள்? புதியவர்களுக்கான ‘ஸ்டெல்த் ஆர்ச்சர்’ கைடு

‘இந்த முறை கண்டிப்பா வாள்வீரன்தான்’ என்று முடிவெடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். இருபது மணி நேரம் கழித்துப் பார்த்தால், அதே கேரக்டர் ஒரு குகையின் இருட்டில் குனிந்து உட்கார்ந்து வில்லை இழுத்துக்கொண்டிருக்கும். ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்’ ஆடியவர்கள் மத்தியில் பல வருடங்களாகச் சுற்றிவரும் ஜோக் இது. மந்திரவாதியாகத் தொடங்கினாலும் சரி, கோடாரிக்காரனாகத் தொடங்கினாலும் சரி, எல்லோரும் போய்ச் சேருவது ‘ஸ்டெல்த் ஆர்ச்சர்’ என்ற ஒரே இடத்தில்தான். அதாவது, மறைந்திருந்து அம்பு எய்பவர்.

பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட ஆட்டம் இது. 2016இல் ஸ்பெஷல் எடிஷன், 2017இல் நின்டெண்டோ ஸ்விட்ச், 2021இல் ஆனிவர்சரி எடிஷன் என்று திரும்பத் திரும்ப வந்ததால், இன்றைக்கும் புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் மட்டுமே ஆட முடிகிறவர்களுக்கு, முதல் சில நாட்களிலேயே கேரக்டர் சொதப்பிவிட்டால் ஆட்டமே கசந்துவிடும். ஆகவே வில்லாளி கேரக்டரை முதலிலிருந்தே சரியாகக் கட்டுவது எப்படி? அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

ஏன் எல்லோரும் வில்லுக்கே வருகிறார்கள்?

ஸ்கைரிமில் தொடக்கத்திலேயே ‘நான் வீரன்’, ‘நான் திருடன்’ என்று வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இல்லை. மொத்தம் 18 ஸ்கில்கள். எதைப் பயன்படுத்துகிறீர்களோ அது வளரும். ஸ்கில்கள் வளர வளர கேரக்டரின் லெவல் ஏறும்.

வில்லை இந்த ஆட்டமே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. ஹெல்கென் ஊரிலிருந்து தப்பிக்கும் முதல் காட்சியில், குகைக்குள் ஒரு கரடி தூங்கிக்கொண்டிருக்கும். உடன் வருபவர் ஒரு வில்லைக் கொடுத்து, ‘சத்தமில்லாமல் தாண்டிப் போகலாம், இல்லையென்றால் தூரத்திலிருந்தே அடிக்கலாம்’ என்ற இரண்டு வழிகளையும் காட்டுவார். பதுங்கல், வில் என்ற இரண்டு பாடங்களும் அந்த ஒரே இடத்தில் முடிந்துவிடுகின்றன.

அதன்பின் நடப்பது ஒரு சுழற்சி. தூரத்திலிருந்து அடித்தால் அடி வாங்க வேண்டியதில்லை. அடி வாங்காததால் மருந்து செலவாவதில்லை. அடிக்க அடிக்க ஸ்கில் ஏறுகிறது, அடுத்த அம்பு இன்னும் பலமாகப் பாய்கிறது. இந்தச் சுகத்தை விட்டு யார் வெளியே வருவார்?

பெருக்கல் கணக்குதான் எல்லாம்

எதிரி உங்களைப் பார்க்காதபோது விழும் அடிக்கு ‘ஸ்னீக் அட்டாக்’ என்று பெயர். அந்த அடியின் டேமேஜ் பல மடங்காகப் பெருகும். இதைப் புரிந்துகொண்டால் பாதி பில்ட் முடிந்தது.

* வில்: சாதாரணமாக 2 மடங்கு. ‘டெட்லி எய்ம்’ பெர்க் எடுத்தால் 3 மடங்கு.
* ஒற்றைக் கை ஆயுதங்கள்: சாதாரணமாக 3 மடங்கு. ‘பேக்ஸ்டாப்’ எடுத்தால் 6 மடங்கு.
* குத்துவாள்: ‘அசாசின்ஸ் பிளேட்’ எடுத்தால் 15 மடங்கு.

ஒரு கணக்குக்கு, உங்கள் வில்லும் அம்பும் சேர்ந்து 20 டேமேஜ் தருவதாக வைத்துக்கொள்வோம். மறைந்திருந்து எய்தால் 40. டெட்லி எய்முக்குப் பிறகு 60. ஆனால் வெறும் 10 டேமேஜ் உள்ள குத்துவாள், பின்னால் போய்க் குத்தினால் 150! அதனால்தான் ‘அசாசின்’ பாதையும் ‘ஆர்ச்சர்’ பாதையும் எதிரெதிர் பாதைகள் அல்ல. தூரத்தில் நிற்பவனுக்கு அம்பு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவனுக்குக் குத்துவாள். அவ்ளோதான்.

இன்னொரு வசதியும் உண்டு. ஸ்னீக் பெர்க்குகளில் பேக்ஸ்டாப், டெட்லி எய்ம், அசாசின்ஸ் பிளேட் மூன்றும் ஒரே சங்கிலியில் வரிசையாக வருகின்றன. இவற்றுக்கு ஸ்னீக் ஸ்கில் முறையே 30, 40, 50 இருக்க வேண்டும். வில்லாளிக்குத் தேவையான டெட்லி எய்முக்குப் போகும் வழியிலேயே பேக்ஸ்டாப் வந்துவிடும். அதற்கு மேல் ஒரே ஒரு பாயின்ட் போட்டால் குத்துவாளும் ரெடி.

எந்த இனம்?

இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வுட் எல்ஃப் இனத்துக்கு ஆர்ச்சரியில் கூடுதலாக 10 புள்ளிகள். பூனை முகம் கொண்ட காஜித் இனத்துக்கு ஸ்னீக்கில் கூடுதலாக 10. வுட் எல்ஃபுக்கு விஷத்தையும் நோயையும் பாதி தாங்கும் சக்தி உண்டு. காஜித்துக்கு இருட்டில் கண் தெரியும். இரண்டில் எது பிடிக்கிறதோ அதை எடுக்கலாம். அந்த 10 புள்ளி வித்தியாசம் சில மணி நேர ஆட்டத்திலேயே மறைந்துவிடும்.

ரிவர்வுட்டை விட்டுக் கிளம்பும் முன்

ஹெல்கெனிலிருந்து ரிவர்வுட் கிராமத்துக்குப் போகும் வழியில் மூன்று கற்கள் நிற்கும்: வீரன், மந்திரவாதி, திருடன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பலர் யோசிக்காமல் திருடன் கல்லைத் தொட்டுவிடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திருடன் கல், ஸ்னீக், லைட் ஆர்மர், அல்கெமி போன்றவற்றை 20 சதவீதம் வேகமாக வளர்க்கும். ஆனால் ஸ்கைரிமில் ஆர்ச்சரி என்பது ‘வீரன்’ கணக்கில் வரும் ஸ்கில். வில் வேகமாக வளர வேண்டுமென்றால் வீரன் கல்லைத்தான் தொட வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, ரிவர்வுட்டில் இருக்கும் ஃபேண்டல். இவர் ஆர்ச்சரி ஸ்கில் 50 வரை காசுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஒவ்வொரு லெவலுக்கும் அதிகபட்சம் 5 பயிற்சிகள் எடுக்கலாம். ஊருக்குள் ஓடும் ஒரு காதல் தகராறில் இவர் பக்கம் நின்று உதவினால், உங்களோடு துணைக்கு வருவார். துணையாக வந்துவிட்டால் இவருடைய பையைத் திறந்து பார்க்கும் வசதி கிடைக்கும். நீங்கள் கட்டிய ஃபீஸ் அங்கேதான் இருக்கும். எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்!

முதல் 20 லெவல்: பாயின்ட்டை எங்கே போடுவது?

ஆட்டத்தில் மொத்தம் 251 பெர்க்குகள் இருக்கின்றன. 20ஆவது லெவலைத் தொடும்போது உங்கள் கையில் கிடைத்திருப்பது 19 பாயின்ட்தான். ‘பூட்டுத் திறக்கிறதுல ஒண்ணு, பேரம் பேசறதுல ஒண்ணு’ என்று தூவினால் எதுவுமே உருப்படாது. போட்ட பாயின்ட்டைத் திரும்ப எடுப்பதும் சுலபமில்லை. அந்த ஸ்கில்லை 100 வரை வளர்த்து ‘லெஜெண்டரி’ ஆக்கினால் பாயின்ட் திரும்ப வரும். ஆனால் ஸ்கில் 15க்கு இறங்கிவிடும்.

புதியவர்களுக்கான ஒரு பட்ஜெட்:

* ஆர்ச்சரி, 6 பாயின்ட்: ஓவர்டிரா 3, ஈகிள் ஐ 1, ஸ்டெடி ஹேண்ட் 1, பவர் ஷாட் 1.
* ஸ்னீக், 6 பாயின்ட்: ஸ்டெல்த் 2, பேக்ஸ்டாப் 1, டெட்லி எய்ம் 1, அசாசின்ஸ் பிளேட் 1, மஃபில்டு ஃபுட்ஸ்டெப்ஸ் 1.
* லைட் ஆர்மர், 2 பாயின்ட். அல்கெமி, 1 பாயின்ட்.
* மீதி 4: அடுத்தடுத்த ஓவர்டிரா, ஸ்டெல்த் படிகளுக்குச் சேமித்து வைக்கலாம்.

ஓவர்டிரா ஒவ்வொரு படிக்கும் வில்லின் டேமேஜை 20 சதவீதம் கூட்டும். ஈகிள் ஐ குறியை ஜூம் செய்யும், ஆனால் ஸ்டாமினாவைத் தின்னும். ஸ்டெடி ஹேண்ட் அந்த ஜூமின்போது நேரத்தை மெதுவாக்கும். பவர் ஷாட் இருந்தால், அம்பு பட்ட எதிரி பாதி நேரம் தடுமாறி நிற்பான். ஓடி வருபவனைத் தடுக்க இதைவிட நல்ல பெர்க் இல்லை.

லெவல் ஏறும்போது கிடைக்கும் 10 புள்ளியை ஹெல்த்துக்கா, ஸ்டாமினாவுக்கா? இரண்டு முறை ஹெல்த், ஒரு முறை ஸ்டாமினா என்று போட்டால் தொடக்கத்துக்குப் போதும். மேஜிக்காவை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

அசாசின் ஆக ஆசையா?

விண்ட்ஹெல்ம் நகரில் ஒரு சிறுவன் கொலைகாரக் கூட்டத்தை வரவழைக்கச் சடங்கு செய்துகொண்டிருப்பான். அவன் கேட்டதை முடித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு தூங்கினால், ‘டார்க் பிரதர்ஹுட்’ உங்களைத் தேடி வரும். அதில் சேர்ந்தால் கிடைக்கும் உடுப்பு இந்த பில்டுக்காகவே தைத்தது போலிருக்கும். முகமூடி வில்லின் டேமேஜை 20 சதவீதம் கூட்டும். காலணி நடை சத்தத்தை அடக்கும். கையுறை, ஒற்றைக் கை ஆயுதத்தின் மறைந்த தாக்குதலை இரட்டிப்பாக்கும். அதாவது குத்துவாளின் 15 மடங்கு 30 ஆகிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அந்தக் கையுறையின் பலன் வில்லுக்குக் கிடையாது.

எங்கே காலை வாரும்?

முதலாவது, டிராகன். திறந்த வெளியில் அது உங்களைப் பார்த்துவிட்ட பிறகு பதுங்கிப் பயனில்லை, பெருக்கல் கணக்கும் செல்லாது. பறக்கும் டிராகனை அடிக்க வில் நல்ல ஆயுதம்தான். ஆனால் அது கீழே இறங்கினால் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, நேரடி டேமேஜை மட்டும் நம்பி ஆட வேண்டும்.

இரண்டாவது, குறுகலான அறை. இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தால் வில்லை இழுத்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். இங்கேதான் விஷம் உதவும். நைட்ஷேட், டெத்பெல் என்ற இரண்டு செடிகளைக் கலந்தால் ஹெல்த்தைக் குறைக்கும் விஷம் கிடைக்கும். இம்ப் ஸ்டூல் காளானும் கேனிஸ் வேரும் சேர்ந்தால் எதிரியை அப்படியே உறைய வைக்கும் விஷம். சாதாரணமாக ஒரு முறை பூசினால் ஓர் அடிக்கு மட்டுமே வரும் என்பதால், இருப்பதிலேயே பெரிய ஆளுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

மூன்றாவது, உங்கள் துணை. நீங்கள் மூச்சை அடக்கிக் குறிபார்க்கும்போது அவர் கத்திக்கொண்டே உள்ளே ஓடுவார். முக்கியமான குகைகளுக்கு முன் ‘இங்கேயே இரு’ என்று நிறுத்திவிட்டுப் போகலாம்.

நான்காவது பலருக்குத் தெரியாதது. ஆட்டத்தின் பெரும்பாலான எதிரிகள் உங்கள் லெவலைப் பார்த்து வளர்கிறார்கள். கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து பொருள் செய்தாலும், கடையில் விற்றாலும் லெவல் ஏறும். அப்படி ஏறினால் எதிரி பலசாலியாகிவிடுவான், உங்கள் வில்லோ பழைய இடத்திலேயே நிற்கும். ‘திடீர்னு எல்லாரும் சாகவே மாட்டேங்கிறாங்க’ என்று தோன்றினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வெற்றியின் சலிப்பு

இந்த பில்டின் உண்மையான ஆபத்து தோல்வியில் இல்லை. 40ஆவது லெவல் வாக்கில் எல்லாச் சண்டையும் ஒரே மாதிரி ஆகிவிடும். குனி, இழு, விடு, மறை. பக்கத்தில் நின்றவன் அம்பு பட்டு விழுவான், மற்றவன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, காற்றுதான் போல என்று திரும்பிப் போவான். மந்திரம், கேடயம், நேருக்கு நேர் வாள் சண்டை என்று இந்த ஆட்டம் வைத்திருக்கும் மற்ற சுவைகள் எதையும் தொடாமலே நூறு மணி நேரம் கடந்துவிடும்.

தப்பிக்க வழி எளிது. டிஃபிகல்டியை ஒரு படி ஏற்றலாம். ஒரு குகைக்குள் வில்லே இல்லாமல் குத்துவாளோடு மட்டும் போய்ப் பார்க்கலாம். தூரத்திலிருந்து எய்யும்போது வராத படபடப்பு, ஓர் எதிரியின் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் நிற்கும்போது வரும். அதற்கான 15 மடங்கு பெர்க் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.