தூண் யாருடைய மண்ணில் நிற்க வேண்டும்?



நினைவிடங்களுக்குப் போகிறோம். மாலை வைக்கிறோம், முழக்கமிடுகிறோம், திரும்புகிறோம். அந்த இடம் இழந்தவர்களை அழ வைப்பதோடு நிற்கிறதா, கொன்றவர்களையும் பதில் சொல்ல அழைக்கிறதா என்று கேட்கவும் நாம் பழக வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மான்ட்கோமரி நகரிலுள்ள நினைவிடம் இதில் நமக்கு ஒரு பாடம்.

வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் எரித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பின மக்களுக்கானது அது. வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் நிறுவிய அமைப்பு 1877 முதல் 1950 வரை நடந்த இத்தகைய கொலைகளைத் தேடித் தொகுத்தது. கண்டறிந்தவை 4,400க்கும் மேல். 2018 ஏப்ரலில் நினைவிடம் திறக்கப்பட்டது.

உள்ளே துருநிறத்தில் 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள். கொலை நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தூண். அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயரும் நாளும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. நுழையும்போது தூண்கள் நம் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. நடக்க நடக்கத் தரை கீழே இறங்குகிறது. கடைசியில் அவை தலைக்கு மேலே தொங்குகின்றன. அன்று மரத்தடியில் கூடி வேடிக்கை பார்த்த கூட்டமும் இப்படித்தான் அண்ணாந்து பார்த்தது.

சுவரோரப் பலகைகள் கொலைகளுக்கான காரணங்களைச் சொல்கின்றன. 1940இல் ஜெஸ்ஸி தார்ன்டன் ஒரு வெள்ளைக் காவலரை 'மிஸ்டர்' போடாமல் அழைத்தார். 1933இல் எலிசபெத் லாரன்ஸ் தன்மீது கல்லெறிந்த வெள்ளைச் சிறுவர்களைக் கண்டித்தார். 1918இல் மேரி டர்னர், தன் கணவரைக் கொன்றதை எதிர்த்துப் பேசினார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. மரியாதை போடவில்லை, எதிர்த்துப் பேசினாள் என்ற இந்தக் காரணங்களை நம் சேரிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெளியே அதே தூண்களின் நகல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டுள்ளன. அந்தந்த மாவட்டத்தார் வந்து, தங்கள் தூணை எடுத்துச் சென்று, தங்கள் மண்ணில் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எடுத்துப் போகாத மாவட்டத்தின் தூண் அங்கேயே கிடக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் யார் என்பது வருகிறவர் கண்ணில் படும்.

இங்கே? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடங்களிலும் நினைவிடம் உண்டு. எழுப்பியவர்கள் இழந்தவர்களும் அவர்களோடு நின்ற இயக்கங்களும்தான். பிணத்தைச் சுமந்தவர்களே நினைவையும் சுமக்கிறார்கள். ஊர் எதையும் சுமக்கவில்லை.

எனவே மாணவர்களிடம் நாம் கேட்பது இது. உங்கள் மாவட்டத்தில் நடந்த சாதிக் கொலைகளைத் தேடுங்கள். பெயர், நாள், ஊர், கொன்றவர்கள் சொன்ன காரணம், தீர்ப்பு ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலை ஊராட்சியின் முன் வைத்து, ஊர்ப் பொதுவிடத்தில் கல் நடக் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததையும் நாளிட்டுப் பதிவு செய்யுங்கள்.