களிமண்ணில் ஓடும் ஊசி

சுட்ட மண்பாண்டத்தில் எம்ப்ராய்டரி போடும் கைவேலையில் ஊசியின் முறை கடைசியில்தான் வருகிறது. எங்கே துளை, எத்தனை துளை, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் மண் ஈரமாக இருக்கும்போதே முடிவாகிவிட வேண்டும். துணியில் தப்பாக விழுந்த தையலைப் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். சூளைக்குப் போய்வந்த மண்ணில் துளையை அரை மில்லிமீட்டர்கூட நகர்த்த முடியாது. அதனால் இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர் திருகையில் உட்காரும்போதே ஊசியின் போக்கையும் சேர்த்து யோசிக்கிறார்.

நூலும் மண்ணும் சேர்வது புதிய காரியம் இல்லை. செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயில் கிடைத்த, 25,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட களிமண் துண்டுகளில் துணியின் தடமும் கயிற்றின் தடமும் பதிந்திருக்கின்றன. ஜப்பானின் ஜோமோன் கால மக்கள் ஈர மண்ணில் கயிற்றை உருட்டி அழுத்திப் பானைகளை அலங்கரித்தார்கள். கீழடியில் நூல் நூற்க உதவிய சுடுமண் தக்களிகள் கிடைத்துள்ளன. ஆனால் இன்றைய கைவேலைக்கு நேரடி முன்னோடி என்று சொல்லத் தகுந்தது பானைக்கு ஒட்டுப்போடும் பழக்கம்தான். விரிசல் விட்ட பாண்டத்தில் விரிசலின் இருபுறமும் துளை போட்டு, கயிறோ தோல்வாரோ கோத்து இழுத்துக் கட்டினார்கள். புதிய கற்காலப் பானை ஓடுகளில் இப்படிப்பட்ட ஜோடித் துளைகள் உலகின் பல பகுதிகளில் காணக் கிடைக்கின்றன.

அந்தப் பழைய ஒட்டுத் தையலுக்கு இங்கிலாந்தின் ஸோயி ஹில்யார்ட் புது உருவம் கொடுத்திருக்கிறார். உடைந்த பாண்டத்தின் ஒவ்வொரு சில்லுக்கும் துணியால் உறை போட்டு, உறைகளைக் கைத்தையலால் இணைத்து, பாண்டத்தை மறுபடி நிற்க வைக்கிறார். ஸ்வீடனின் கரோலின் ஹாரியஸ் பூச்சாடிகளில் வரிசையாகத் துளைகள் வைத்துக் குறுக்குத் தையலில் பூக்களை எழுப்புகிறார். வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்யும் டியெம் சாவ் பீங்கான் கோப்பைகளின் மேல் மெல்லிய ஆர்கன்சாத் துணியை இழுத்துக் கட்டி, அதில் மனித உருவங்களைத் தைக்கிறார். மூவரின் வழியும் வேறு வேறு. வீட்டில் செய்து பார்ப்பவருக்கு ஹாரியஸின் வழிதான் அதிகம் கற்றுத் தரும், அதிகம் சோதிக்கவும் செய்யும்.

முதல் சோதனை சுருக்கம். களிமண் காயும்போது ஒருமுறை சுருங்குகிறது, சூளையில் இன்னொருமுறை சுருங்குகிறது. மண்ணைப் பொறுத்து மொத்தச் சுருக்கம் பெரும்பாலும் 8 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும். துளையும் அதே அளவில் சிறுத்துவிடும். இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரமும் குறையும். தன் மண்ணின் சுருக்கத்தை அறிய எளிய வழி உண்டு. ஈர மண்ணில் ஒரு பட்டையைத் தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. நீளக் கோடு கீறி, சுட்ட பிறகு அளக்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு சதவீதம். கோடு 8.8 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 12 சதவீதம். அந்த மண்ணில், சுட்ட பிறகு துளைகள் 5 மி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டுமானால் ஈரத்தில் ஏறக்குறைய 5.7 மி.மீ. விட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாதவரின் பாத்திரம் அழகாக வெந்து வரும், ஊசி மட்டும் உள்ளே போகாது.

துளையின் அளவை முடிவு செய்வது ஊசியின் முனை அல்ல, அதன் காது. நூல் கோத்த காதுதான் ஊசியிலேயே அகலமான இடம். நூல் அங்கே இரட்டையாக மடிந்து வேறு இருக்கும். எடுத்த நூலை எடுத்த ஊசியில் கோத்து, அந்த இடத்தின் தடிமனை அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் தாராளம் கொடுப்பதே சரி. ஒரே துளையில் இரண்டு மூன்று முறை நூல் போக வேண்டிய வடிவமென்றால் இன்னும் கூட்ட வேண்டும்.

துளையிட ஏற்ற பதம் பாதி காய்ந்த மண். விரலால் அழுத்தினால் அமுங்காது, நகத்தால் கீறினால் கோடு விழும், அந்த நேரம். அதற்கு முன் குத்தினால் மண் இழுபட்டு வடிவம் கோணும். முழுக்கக் காய்ந்த பிறகு குத்தினால் விரிசல் விடும். வடிவத்தைக் கட்டத்தாளில் வரைந்து, தாளை மண்மேல் படுக்கவைத்துப் புள்ளி குத்தினால் வரிசை பிசகாது. பிறகு மெல்லிய டிரில் முனையைக் கையாலேயே திருகித் துளைப்பது நல்லது. கூரான கம்பி மண்ணை ஒதுக்கித் தள்ளும். டிரில் முனை மண்ணைச் சுரண்டி வெளியே எடுத்துவிடும். துளையின் ஓரத்தில் பிசிறு எழும்பும். ஈரத்தில் அதைத் துடைத்தால் குழைந்து துளையை அடைக்கும், காய்ந்த பிறகு மென்தூரிகையால் தட்டினால் உதிர்ந்துவிடும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் போட்டுக்கொண்டு, மீதியை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

துளைகளை நெருக்கி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், ஏனென்றால் நெருக்கமான தையலில்தான் பூ பூவாகத் தெரியும். ஆனால் நேர்கோட்டில் நெருக்கமாக வரும் துளைகள் தபால்தலை ஓரம்போல் உடைய வழிகாட்டிவிடும். குறைந்த சூட்டில் வேகும் செம்மண் பாண்டத்தில் இந்த ஆபத்து அதிகம். 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகும் ஸ்டோன்வேர் இறுகிக் கெட்டிப்படுவதால் இந்த வேலையை நன்றாகத் தாங்கும். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியாகப் புதுச்சேரி வட்டாரத்தில் ஸ்டோன்வேர் வேரூன்றியிருக்கிறது.

கிளேஸ் பூசும்போது துளைகள் மறுபடி அடைபடும். பூசுவதற்கு முன் துளையைச் சுற்றி உருகிய மெழுகைத் தொட்டு வைத்தால் கிளேஸ் அங்கே ஒட்டாது. சூளையில் மெழுகு எரிந்து போய்விடும். கிளேஸ் சுட்டபின் கண்ணாடியாகிவிடுகிறது. துளையின் வாயில் வழிந்து உறைந்த துளி ஒன்று போதும், நூலை பிளேடுபோல் அறுக்க. அதனால் தையல் வரும் பகுதியை கிளேஸ் இல்லாமலே விட்டு, மற்ற இடத்தில் மட்டும் பூசுவது பாதுகாப்பானது. நூலின் மங்கலும் கிளேஸின் பளபளப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பார்வைக்கும் அதுதான் சிறப்பு. சூளை வசதி இல்லாதவர்கள் கடையில் வாங்கிய தட்டிலோ ஓட்டிலோ வைரத்தூள் பதித்த டிரில் முனையால் துளையிடலாம். மெதுவான வேகம், சுத்தியல் அடி இல்லாத ஓட்டம், துளைமேல் விடாமல் தண்ணீர், கண்ணாடி அணிந்த கண்கள் ஆகியவை கட்டாயம்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் துணியில் கற்ற பழக்கத்தைக் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கிறது. துணி தன் இழைகளால் நூலைக் கவ்விப் பிடிக்கும், மண் பிடிக்காது. துளை நூலைவிடப் பெரியது, அதனால் கையின் இழுவை தளர்ந்ததும் முந்தைய தையலும் தளரும். ஆங்கர், டிஎம்சி பருத்தி நூலின் ஆறு இழையையும் சேர்த்தே போட்டால் துளை நிறையும், தையல் நிற்கும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்த நூல் ஓரங்களில் உராய்ந்து பிசிறாது. அரை மீட்டருக்கு மேல் நீளமாக வெட்டாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு துளையும் நூலைக் கொஞ்சம் தேய்க்கிறது. பட்டு வழுக்கும், ஜரிகையின் மேலுறை உரிந்துவிடும். மொட்டை முனை ஊசி போதும். சிக்கிய ஊசியைக் குறடால் இழுக்கவே கூடாது, ஊசி வரும்போது ஓரத்து மண்ணும் சேர்ந்து வரும்.

குறுக்குத் தையல், ஓட்டுத் தையல், பின் தையல் மூன்றும் மண்ணில் நன்றாக அமரும். பிரெஞ்சு முடிச்சு பெரும்பாலும் துளை வழியே நழுவி உள்ளே போய்விடும், அந்த இடத்தில் ஒரு மணியைக் கோப்பதே மேல். பெரிய சிக்கல் பின்பக்கம். சட்டையின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் கிண்ணத்தின் உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியும் வட கர்நாடகத்து கசூத்தியின் கவந்தித் தையல் இதற்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது: ஓட்டுத் தையலாகப் போய், விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டே திரும்பி வர வேண்டும். நீலகிரியின் தோடர்கள் வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையலும், வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணியே தைக்கப்படுவது. துளைக் கட்டத்தில் வேலை செய்பவர் அதைப் பார்த்து நிறையக் கற்கலாம். அது 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களின் உடைமை. கற்பவர் தன் வேலைக்குத் தோடர் பெயரைச் சூட்டுவது நியாயம் இல்லை. குறுகிய கழுத்துள்ள சாடியில் கை உள்ளே போகாது என்பதால் தொடக்கத்துக்கு அகன்ற வாய்க் கிண்ணமோ தட்டையான பலகையோ பதக்கமோ ஏற்றது.

துளையே இல்லாமலும் எம்ப்ராய்டரியை மண்ணில் கொண்டுவரலாம். தடித்த தையல் போட்ட துணியை ஈர மண்பலகைமேல் விரித்து உருளையால் அழுத்தினால் ஒவ்வொரு தையலும் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளங்களில் கிளேஸ் தேங்கி நிறம் கூடும். பதிவு கண்ணாடிப் பிம்பமாக விழும் என்பதால் எழுத்துகளைத் துணியில் இடவலம் மாற்றித் தைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் பாணி பொம்மைகளில் லேஸைப் பீங்கான் குழம்பில் தோய்த்து உடுத்திவிடுவார்கள். சூளையில் நூல் எரிந்துபோக, அதன் ஒவ்வொரு கண்ணியும் பீங்கானாகவே மிஞ்சும்.

தைத்த பாத்திரத்தில் உணவு வைக்கக்கூடாது. நூலும் துளையும் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துவைத்து, கழுவினாலும் முழுதாக விடாது. வெயில் நேராகப் படும் சன்னல் ஓரமும் ஆகாது, சாயம் வெளுக்கும். தூசியை மென்தூரிகையால் தட்டினால் போதும். மண்ணின் ஆயுள் நூலைவிடப் பல மடங்கு நீளமானது. கட்டத்தாளில் வரைந்த வடிவத்தையும் நூலின் நிற எண்களையும் எடுத்து வைத்திருந்தால், நூல் நைந்த பிறகு பழையதை வெட்டி உருவிவிட்டு அதே துளைகளில் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.