வாழ்ந்தவரை வறுமை... இறந்த மறுவருஷமே 43,000 ஃபிராங்க்! யார் இந்த ஆல்ஃப்ரெட் சிஸ்லி?

இம்ப்ரெஷனிச ஓவியர்கள்னு சொன்னதும் மோனே, ரெனுவார் பெயர்கள்தான் சட்டென ஞாபகத்துக்கு வரும். அவர்களோடு ஒரே ஸ்டூடியோவில் படித்தவர், 1874-ல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் அவர்களோடு சேர்ந்து படம் வைத்தவர் ஆல்ஃப்ரெட் சிஸ்லி. நண்பர்களுக்குப் பிற்காலத்தில் கிடைத்த பணமும் புகழும் இவருக்கு மட்டும் உயிரோடு இருந்தவரை கிடைக்கவில்லை. ஏன்?

பட்டு வியாபாரியின் மகன்

1839-ல் பாரிஸில் பிறந்தவர் சிஸ்லி. பெற்றோர் ஆங்கிலேயர்கள். பட்டு வியாபாரியான அப்பா, 18 வயசில் மகனை வணிகம் கற்க லண்டனுக்கு அனுப்பினார். பையனுக்கோ ஓவியத்தில்தான் மனசு. திரும்பி வந்ததும் ஓவியம் படிக்கச் சேர்ந்துவிட்டார்.

அப்பா பணம் தந்ததால், படம் விற்காவிட்டாலும் அப்போது கவலை இல்லை. 1870-ல் பிரான்ஸ் - பிரஷ்யா போர் வெடித்ததும் எல்லாம் தலைகீழானது. அப்பாவின் வியாபாரம் நொடித்தது. சிஸ்லியின் வீடும் உடைமைகளும் நாசமாயின. அப்போது அவருக்கு இரண்டு குழந்தைகள். இனி தூரிகைதான் சோறு போடணும்!

வெள்ளத்திலும் அமைதி

இம்ப்ரெஷனிஸ்ட்களின் பாணி, ஸ்டூடியோவை விட்டு வெளியே போய், அந்த நேரத்து வெளிச்சத்தை அப்படியே பிடிப்பது. மோனேகூடப் பிறகு தோட்டம், அல்லிக்குளம் என்று நகர்ந்தார். சிஸ்லியோ கடைசிவரை ஆறு, பாலம், பனி படர்ந்த தெரு, வானம் ஆகியவற்றையே வரைந்தார். படத்தை வானத்திலிருந்து தொடங்குவதே தன் வழக்கம் என்று ஒரு கடிதத்திலும் சொல்லியிருக்கிறார்.

1876-ல் செய்ன் நதி கரை புரண்டு, போர்-மார்லி ஊருக்குள் புகுந்தது. சிஸ்லி அதைப் பல படங்களாக வரைந்தார். அதில் கதறல் இல்லை, ஓட்டம் இல்லை. தண்ணீரில் நிற்கும் ஒரு ஒயின் கடை, பக்கத்தில் படகுகள், மேலே பெரிய மேகக்கூட்டம். அவ்வளவுதான். பரபரப்பே இல்லாத இந்த அமைதிதான் சிஸ்லியின் பலம். அன்றைய சந்தையில் அதற்கு மவுசு இல்லை. 1875-ல் நடந்த ஓர் ஏலத்தில் இவரது சில படங்கள் நூறு, இருநூறு ஃபிராங்குக்கே போயின.

பிறந்த நாட்டில் அந்நியர்

1880-ல் பாரிஸிலிருந்து தள்ளி, மோரே-சுர்-லுவான் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஊரின் தேவாலயத்தை மட்டுமே வெயில், மழை, மாலை என வெவ்வேறு பொழுதுகளில் பத்துக்கும் மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார்.

வாழ்நாளின் பெரும்பகுதியை பிரான்ஸில் கழித்தும், சட்டப்படி அவர் பிரிட்டிஷ்காரர். 1898-ல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டார்; கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்தபோது தொண்டைப் புற்றுநோய் முற்றியிருந்தது. அதே வருஷம் அக்டோபரில் மனைவி யூஜெனி இறந்தார். 1899 ஜனவரி 29-ல் சிஸ்லியும் போய்ச் சேர்ந்தார். வயது 59. பிள்ளைகளுக்கு உதவ, ஓவிய ஏலம் நடத்த முன்வந்தவர் பழைய நண்பர் மோனே.

அப்புறம்தான் திருப்பம்

1900 மார்ச்சில் பாரிஸில் ஓர் ஏலம். அந்த போர்-மார்லி வெள்ள ஓவியங்களில் ஒன்று 43,000 ஃபிராங்குக்கு விலைபோனது! வாங்கியவர் செல்வந்தர் இசாக் தெ கமோந்தோ. பின்னர் தன் சேகரிப்பை அவர் பிரெஞ்சு அரசுக்கே எழுதிவைத்தார். குடியுரிமை கிடைக்காத ஓவியரின் அந்தப் படம், இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் பிரான்ஸின் தேசியச் சொத்து.