நிறம் சொல்லும் உண்மை

ஆரத்தித் தட்டிலே மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது செந்நிறமாவதைக் காணாதவர் நம்மில் யார்? ஒரு பொருள் இருப்பதை மற்றொரு பொருள் நிறம் மாறிக் காட்டிவிடுகிறது. நீரில் மறைந்திருக்கும் உலோக நஞ்சைக் கண்டறியவும் இவ்வழி உதவுகிறது.

அத்திபெலேயில் பேருந்தேறிச் சென்னை செல்லும் நண்பர்கள் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வழியே செல்கின்றனர். பாலாற்றுப் பகுதியின் தோல் தொழிலுக்குக் குரோமிய உப்புகள் இன்றியமையாதவை. 1990-களின் நடுவில் இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. அதிலிருந்து கசிந்த குரோமியம் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

தோல் பதனிட உதவுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். ஆறு இணைதிறன் கொண்டதோ புற்றுநோய் தரும் நஞ்சு. நீரில் எளிதில் கரையும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர விதி. அந்த வரம்பைப் பன்மடங்கு மீறிய நீரும் பளிங்கெனத் தெளிந்திருக்கலாம். குடிப்பவன் எப்படி அறிவான்?

இங்கே டைபீனைல்கார்பசைடு என்னும் கரிமப்பொருள் துணைக்கு வருகிறது. அமிலம் கலந்த நீரில் அது ஆறிணைதிறக் குரோமியத்தைச் சந்தித்ததும் செவ்வூதா நிறம் தோன்றும். ஆனால், இதன் கரைசல் விரைவில் கெட்டுவிடும். ஆய்வுக்கூடத்தை விட்டு ஊர்க் கிணற்றுக்குக் கொண்டு செல்வது கடினம்.

ஆகவே விஞ்ஞானிகள் கரிமப்பொருளையும் கனிமப்பொருளையும் இணைத்தனர். மணலின் உறவினனான சிலிக்காவை நுண்துளைகளுடன் உருவாக்கி, அத்துளைகளில் நிறங்காட்டியைப் பிணைப்பதே வழி. இதுவே கலப்பினப் பொருள். சிலிக்கா உறுதி தருகிறது. நிறங்காட்டி உலோகத்தை அடையாளம் காண்கிறது. நீர் உட்புகும், நிறங்காட்டி வெளியேறாது. நிறைய நீரிலுள்ள அயனிகள் சிறு மணியொன்றில் வந்து சேர்வதால் மெல்லிய நிறமும் கண்ணுக்குப் புலனாகும். நிறங்காட்டியை மாற்றினால் பாதரசம், ஈயம், செம்பு ஆகியவற்றையும் காணலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வேறு சில உலோகங்கள் மிகுந்திருந்தால் நிறம் நம்மை ஏமாற்றக்கூடும். ஓர் உலோகத்துக்கு நிறம் தோன்றாததால் நீர் முழுதும் தூயது என்றும் முடிவு கட்டலாகாது. மேலும், நிறம் நோயைச் சொல்லுமேயன்றி மருந்தாகாது.

எனினும், தன் கிணற்று நீரின் நிலையை உழவன் தன் கண்ணாலேயே கண்டுவிட்டால், பிறகு அவனிடம் உண்மையை மறைப்பது எவர்க்கும் எளிதன்று. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் நாம் ஆற்றவேண்டிய பணி இதனினும் உயர்ந்தது வேறு உண்டோ?