புழுவின் மேல் ஒரு குடித்தனம்

கடலடிச் சேற்றில் ஊரும் புழு ஒன்றின் உடம்பையே குடியிருப்பாக்கிக்கொண்ட உயிர்கள் இருக்கின்றன, நேயர்களே! எண்டோப்ராக்டா தொகுதியைச் சேர்ந்த லாக்சோசோமெல்லா அவற்றில் ஒன்று. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இராது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு காம்பு, அதன் நுனியில் கிண்ணம் போன்ற உடல், விளிம்பைச் சுற்றி உணர்கொம்புகள். கொம்புகளில் உள்ள நுண்மயிர்கள் அசைந்து நீரை இழுக்க, அதில் மிதந்து வரும் நுண்பாசிகள் வாய்க்குள் போகின்றன. வாய், கழிவுத் துவாரம் இரண்டுமே அந்தக் கொம்பு வளையத்துக்குள் இருக்கின்றன. இந்த அமைப்பை வைத்தே 1870-இல் ஜெர்மன் விலங்கியலாளர் நிட்சே எண்டோப்ராக்டாவைத் தனிப் பிரிவாக வகுத்தார்.

ஐரோப்பியக் கடல்களில் 'கடல் எலி' என்றொரு புழு உண்டு. பெயர்தான் எலி, வானவில் நிறத்தில் மினுங்கும் முள்மயிர் போர்த்த அசல் புழு அது. மூச்சுக்காக அது தன் உடம்பின் மேல் ஓயாமல் நீரை ஓட்டுகிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் லாக்சோசோமெல்லாவுக்கு அந்த நீரே சாப்பாடு கொண்டுவந்து தருகிறது. புழுவின் உடம்பிலிருந்து இவை எதையும் உறிஞ்சுவதில்லை.

இனப்பெருக்கம் இன்னும் அழகு! தாயின் பக்கவாட்டில் மொட்டாக அரும்பும் குஞ்சு, முழு உருவம் பெற்றதும் கழன்று அதே புழுவில் வேறிடம் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. வேறு புழுவைத் தேடி நீந்திப் போவது முட்டையிலிருந்து வரும் இளவுயிரியின் வேலை.