எட்டுத் துண்டு ஒரு துண்டானது: வடிவமைப்புக் குழுக்களில் ஏஐ செய்வது என்ன?

இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்று ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. "எல்லா வேலையையும் ஏஐ செய்துவிடும் என்கிறார்களே, நான்கு வருடம் பணம் கட்டிப் படிக்க வைத்து என்ன பயன்?" நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், பொருட்களை வடிவமைக்கும் குழுக்களுக்குள் நுழைந்துள்ள செயற்கை நுண்ணறிவு அங்கே எந்த வேலையைச் செய்கிறது என்று பார்ப்போம்.

சீட் பெல்ட் தாங்கி சொல்லும் பாடம்

2018ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம், ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தது. எடுத்துக்கொண்டது ஒரு சிறிய பாகம்தான்: கார் இருக்கையில் சீட் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் உலோகத் தாங்கி. எட்டுத் துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டு வந்த பாகம் அது. மென்பொருள் 150க்கும் மேற்பட்ட வடிவங்களை முன்வைத்தது. தேர்வான வடிவம் ஒரே துண்டாக இருந்தது. பழையதைவிட எடை 40 சதவீதம் குறைவு, வலிமை 20 சதவீதம் அதிகம்.

இதில் மனிதர்களின் வேலை என்ன? தாங்கியில் போல்ட் எங்கே வர வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு விசை அதை இழுக்கும், எந்த உலோகம், எந்த முறையில் தயாரிப்பது என்று எல்லாவற்றையும் முதலில் வரையறுத்துக் கொடுத்தவர்கள் பொறியாளர்கள். அந்த எல்லைகளுக்குள்தான் மென்பொருள் வடிவங்களைத் தேடுகிறது. விசை விழாத இடத்தில் உலோகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். எடை குறைவதன் ரகசியம் இதுதான். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. ஏதாவது ஒரு விசையைச் சொல்ல மறந்துவிட்டால், அது தாக்கும் இடத்திலேயே பாகம் மெலிந்து போகலாம். கணினித் திரையில் அழகாகத் தெரியும். விபத்து நேரத்தில் முறிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. இப்படி வளைந்து நெளிந்த வடிவங்களை உருவாக்கப் பெரும்பாலும் 3டி அச்சு முறை தேவைப்படுகிறது. லட்சக்கணக்கில் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு அது மெதுவானது, செலவும் அதிகம். எனவே 'சிறந்த வடிவம்' எது என்று முடிவு செய்யும்போது தொழிற்சாலையின் நடப்பையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

வேகம் கூடியதாக ஒரு நினைப்பு

மென்பொருள் எழுதும் குழுக்களில் ஏஐ இன்னும் ஆழமாக நுழைந்திருக்கிறது. 'மீட்டர்' என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களை வைத்து 246 வேலைகளில் ஒரு சோதனை நடத்தியது. ஏஐ பயன்படுத்தியதால் 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்று அவர்கள் நம்பினார்கள். கடிகாரத்தின் கணக்குப்படி 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்திருந்தார்கள்! தாங்கள் நன்கு அறிந்த பெரிய மென்பொருள்களில் வேலை செய்த சிறு குழு இது. எல்லோருக்கும் இதே முடிவு வரும் என்று சொல்ல முடியாது, கருவிகளும் மாறி வருகின்றன. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: நன்மை கிடைத்ததா என்பதை அளந்து பார்க்க வேண்டும், நினைப்பை நம்பக் கூடாது.

அமானிதம்

2023இல் சாம்சங் நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர், பிழை கண்டுபிடிப்பதற்காக நிறுவனத்தின் ரகசிய நிரல்களை சாட்ஜிபிடியில் பதிவிட்டது தெரியவந்தது. அந்த ஆண்டு மே மாதமே இத்தகைய கருவிகளை நிறுவனக் கணினிகளில் பயன்படுத்த சாம்சங் தடை விதித்தது. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம். ஆனால் வேலையில் நம்மிடம் ஒப்படைக்கப்படும் வரைபடமும் நிரலும் வாடிக்கையாளர் விவரமும் அமானிதம். வெளியார் கணினிக்கு அவற்றை அனுப்புவதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது கடமை.

குழுக்கள் எப்படித் தொடங்கலாம்?

முதலில் ஒரு சிறிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையில் அதற்கு எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பிழைகள் வந்தன என்று குறித்து வைத்து, ஏஐ வந்த பின் ஒப்பிடுங்கள். எந்தத் தகவலைக் கருவிக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை எழுத்தில் வையுங்கள். முக்கியமாக, ஒவ்வொரு முடிவின் கீழும் அதைச் சரிபார்த்த ஒருவரின் கையெழுத்து இருக்கட்டும். "ஏஐ சொன்னது" என்பது யாருக்கும் பதிலாகாது.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். மென்பொருள் தந்த 150 வடிவங்களில் எது உயிரைக் காக்கும், எது முறியும் என்று பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. விசை, உலோகம், கணிதம் ஆகிய அடிப்படைகளை ஊன்றிப் படித்தவருக்குத்தான் அந்தப் பார்வை வரும். அசைன்மென்ட்டை ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கும் பிள்ளை, நாளை தன்னிடம் யாரும் கேட்கப்போகும் ஒரே திறமையை இன்றே தொலைக்கிறான். எனவே கட்டணம் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், "இது உனக்குப் புரிந்து எழுதியதா?" என்று வாரம் ஒருமுறையாவது கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தப் படிப்பு வீண் போகாது.